பத்தொன்பது நாள் உப்பில்லாமல்

உப்பில்லா விரதத்தின் பத்தொன்பதாம் நாள், காலை ஆறரை மணிக்கு, குளியலறை வாசலில் விழுந்தேன். விழுந்தது நினைவிருக்கிறது. வலித்ததா என்று நினைவில்லை. தரை ஓடு குளிர்ச்சியாக இருந்தது. எழுந்திருக்க வேண்டிய அவசியம் எதுவும் எனக்குத் தோன்றவில்லை. என் மனைவி வசந்தி "என்னங்க, என்னங்க" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். பதில் சொல்லலாம் என்று நினைத்தேன். சொல்லவில்லை.

இது நடந்து ஏழு மாதங்கள் ஆகின்றன. எங்கள் ஊரான கோலாசிலாங்கூரில் தெரிந்தவர்கள் வழியில் நிறுத்தி என்ன ஆயிற்று என்று கேட்கிறார்கள். ஆளுக்கு ஐந்து நிமிடம் சொல்லிச் சொல்லி, ஒவ்வொரு முறையும் கதை சற்று மாறுவதைக் கவனித்தேன். மாறுவதற்குள் எழுதி வைக்கிறேன்.

எனக்கு வயது ஐம்பத்து மூன்று. ஒரு தமிழ் நாளிதழின் வட்டாரச் செய்தியாளன். பத்தாங் பெர்ஜுந்தாய் தோட்டங்களிலிருந்து செகிஞ்சான் மீன் துறை வரை மோட்டார் சைக்கிளில் சுற்றுவதுதான் வேலை. கோயில் திருவிழா, பள்ளி விளையாட்டுப் போட்டி, சாலை விபத்து, வெள்ளம். வசந்தி தமிழ்ப்பள்ளி அலுவலகத்தில் வேலை செய்கிறாள். மகள் துர்கா ரவாங்கில் ஒரு தொழிற்சாலை அலுவலகத்தில் இருக்கிறாள், அங்கேயே வாடகை வீடு.

விழுவதற்கு ஓராண்டுக்கு முன்பே நோய் தொடங்கியிருக்க வேண்டும் என்று மருத்துவர்கள் பின்னர் கணக்கிட்டார்கள். எனக்கு அது நோயாகத் தெரியவில்லை. களைப்பு வந்தது. ஐம்பதைத் தாண்டினால் களைப்பு வரும். பதினொரு கிலோ குறைந்தேன். பலர் பாராட்டினார்கள். உட்கார்ந்து எழுந்தால் கண் இருட்டியது. தோல் கறுத்தது. நான் பிறப்பிலேயே கறுப்பு, போதாததற்கு வெயிலில் அலைகிறவன். எங்கள் நிறத்தில் இன்னும் ஒரு சாயல் கூடினால் யாருக்குத் தெரியும்?

ஒன்று மட்டும் விசித்திரமாக இருந்தது. உப்பு வேண்டியிருந்தது. கறியில் உப்பு கூடுதலாக இருக்க வேண்டும் என்பது போன்ற ஆசை இல்லை. தாகம் எடுப்பதுபோல் உப்பு எடுத்தது. செகிஞ்சானில் செய்தி சேகரிக்கப் போனால் கருவாடு வாங்கி, வழியில் மோட்டாரை நிறுத்தி, பொரிக்காமலே கிள்ளித் தின்றேன். வயல் ஓரத்தில் நின்று பச்சைக் கருவாடு தின்னும் ஒருவனை இன்னொருவன் பார்த்தால் என்ன நினைப்பான் என்று எனக்குத் தெரியும். தின்றேன். சீனர் கடைகளில் விற்கும் உப்புப் போட்ட காய்ந்த பிளம்ஸ் பழம், கீச்சாப் என்ற சோயாச் சாறு, ஊறுகாய்த் தண்ணீர், எதுவும் மிஞ்சவில்லை.

அதே சமயத்தில் எங்கள் வீட்டில் உப்பு தடைசெய்யப்பட்ட பொருள். வசந்திக்கு ரத்த அழுத்தம். கிளினிக்கில் உப்பைப் பாதியாகக் குறைக்கச் சொல்லியிருந்தார்கள். அவள் பாதியோடு நிற்கவில்லை. உப்பைக் குறைக்கும்படி மக்களுக்குச் சொல்லும் சுகாதாரச் செய்திகளை நானே மலாயிலிருந்து தமிழுக்குக் கொண்டுவந்து என் பெயரில் வெளியிட்டிருக்கிறேன். அவற்றில் ஒன்றை அவள் வெட்டி ஐஸ்பெட்டியில் ஒட்டியிருந்தாள்.

ஒரு நாள் மோட்டார் இருக்கைக்கு அடியில் உப்புப் பொட்டலத்தைக் கண்டுபிடித்தாள். பாதி காலி.

"இது என்னா?"

"உப்பு."

"உப்புன்னு எனக்குத் தெரியாதா? மாடுதான் இப்படி நக்கும்."

"மாடு காரணத்தோட நக்குதோ என்னவோ."

"உங்களுக்கு என்னா காரணம்? பேப்பர்ல ஊருக்கு ஒன்னு எழுதுறது, மோட்டார்ல வேற ஒன்னு வெச்சிக்கிறது. வெக்கமா இல்ல?"

வெட்கமாகத்தான் இருந்தது. குடிகாரன் பாட்டிலை ஒளிப்பதுபோல் ஒளித்திருந்தேன். நாக்கை அடக்க முடியாதவன் என்று அவள் முடிவு செய்தாள். நானும் அதை ஏற்றுக்கொண்டேன். எங்கள் பக்கத்தில் நாக்கை அடக்குவதற்கு ஒரு வழி இருக்கிறது, முருகனுக்கு நேர்ந்துகொள்வது. நாற்பத்தெட்டு நாள் உப்பில்லாமல் சாப்பிட்டு, முடிவில் தோட்டத்துக் கோயிலில் பால்குடம் எடுப்பதாக வசந்தி எனக்காக வேண்டிக்கொண்டாள். மஞ்சள் துணியில் காசு முடிந்து சாமி படத்தின் முன் வைத்தாள். நான் மறுக்கவில்லை. பல ஆண்டுகளாகக் கோயில் விழாக்களைப் பற்றி எழுதியவன், ஒரு முறையாவது குடம் எடுக்கலாமே என்று தோன்றியது.

முதல் வாரம் தலைவலி. இரண்டாம் வாரம் வாந்தி. விரதத்தில் உடம்பு சுத்தமாகிறது என்று கோயிலில் சொன்னார்கள். மூன்றாம் வாரத்தில் எனக்கு எதன்மேலும் விருப்பமில்லாமல் போனது. செய்தி எழுதவில்லை. நாளிதழ் ஆசிரியர் தொலைபேசியில் அழைத்தபோது மணி ஒலிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்குவம் வந்துவிட்டது என்று வசந்தி நினைத்தாள். பத்தொன்பதாம் நாள் விழுந்தேன்.

மாவட்ட மருத்துவமனையின் அவசரப் பிரிவில் முதலில் கெட்ட உணவால் வந்த வாந்தி என்று எழுதினார்கள். ரத்த அழுத்தம் எழுபத்தெட்டுக்கு நாற்பத்தாறு. அந்த எண்ணைத் திரையில் நானே படித்தேன். குறைவு என்று புரிந்தது, அதற்கு மேல் ஒன்றும் தோன்றவில்லை. வசந்தி என் தலைமாட்டில் நின்றாள். ரத்தப் பரிசோதனை முடிவு வந்ததும் ஓர் இளம் மலாய்ப் பெண் மருத்துவர் விரைந்து வந்தார். உடலில் சோடியம் மிகக் குறைவு, பொட்டாசியம் மிக அதிகம். சோடியம் என்றால் உப்பில் இருக்கும் பொருள். பொட்டாசியம் கூடினால் இதயம் தாளம் தப்பி நின்றுவிடலாம். இவை இரண்டும் சேர்ந்து இப்படிப் போகும்போது வாந்தியை மட்டும் காரணமாகச் சொல்ல முடியாது என்றார்.

என் கையைத் திருப்பி உள்ளங்கையைப் பார்த்தார். ரேகைகள் பேனாவால் கிழித்ததுபோல் கறுத்திருந்தன. வாயைத் திறக்கச் சொல்லி விளக்கடித்தார். ஈறுகளில் கருநீலத் திட்டுகள். பிறகு வசந்தியிடம் என் அடையாள அட்டையைக் கேட்டார்.

"பதிவுல குடுத்தாச்சே டாக்டர்."

"பதிவுக்கு இல்லை. படத்தைப் பார்க்க வேண்டும்."

அட்டையை என் கன்னத்தோடு வைத்துப் பார்த்தார். அட்டை மூன்று ஆண்டுகளுக்கு முன் புதுப்பித்தது. வசந்தியும் பார்த்தாள். "வெயில்ல சுத்துவாரு," என்றாள். உள்ளங்கையிலும் ஈறிலும் வெயில் படாது.

மருத்துவர் கேட்டார், உப்பு சாப்பிட அதிகம் தோன்றுமா?

வசந்தி சொன்னாள். மோட்டார், கருவாடு, விரதம், பத்தொன்பது நாள் எல்லாவற்றையும் மலாயில் சொன்னாள். இடையில் மலாய்ச் சொல் கிடைக்காமல் தமிழில் சொன்னாள். மருத்துவர் எழுதுவதை நிறுத்தி அவளைப் பார்த்துவிட்டு, தாதியிடம் இரண்டு மருந்துகளின் பெயரைச் சொன்னார். மறுபடி ரத்தம் எடுத்த உடனேயே ஊசி போட்டார்கள். உப்புநீர் இரு கைகளிலும் ஏறியது. பத்தொன்பது நாள் விலக்கியதை லிட்டர் லிட்டராக நரம்பு வழியே ஏற்றினார்கள். மதியத்துக்குள் ஆம்புலன்ஸில் பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள்.

அங்கே பதினோரு நாள் இருந்தேன். முதல் மூன்று நாட்கள் துண்டு துண்டாகத்தான் தெரியும். சோடியத்தை வேகமாக ஏற்றினால் மூளைக்குக் கேடு என்பதால் சிறுகச் சிறுக ஏற்றினார்கள். நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை ரத்தம் எடுத்தார்கள். நான்காம் நாள் கஞ்சி குடித்தேன். ஐந்தாம் நாள் பக்கத்துக் கட்டிலில் யார் இருக்கிறார் என்று பார்த்தேன்.

அவர் பெயர் மணியம், பத்தாங் பெர்ஜுந்தாயில் லோரி ஓட்டுகிறவர். சர்க்கரை நோயால் காலில் புண். தாதிகள் அவர் சாப்பாட்டில் சீனியையும் உப்பையும் எடுத்துவிட்டிருந்தார்கள். என் தட்டில் மட்டும் இரண்டு சின்ன உப்புப் பொட்டலங்கள் வைப்பார்கள்.

"அண்ணே, என்னா பாவம் செஞ்சேன் நானு? உங்களுக்கு ரெண்டு, எனக்கு ஒன்னுகூட இல்ல."

"உங்களுக்கு ஆகாது."

"ஒங்க வீட்டுல நல்லா பாத்துருக்காங்கலா. பட்டினி போட்டு படுக்க வெச்சி, இப்ப கவர்மெண்டு செலவுல உப்பு."

வசந்தி அப்போது என் துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். மடிப்பதை நிறுத்தவில்லை. மணியம் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "சும்மா சொன்னேங்க்கா," என்றார். அன்று மாலை தன் மனைவி கொண்டுவந்த பப்பாளியில் பாதியை அவளிடம் கொடுத்தார். அவள் வாங்கிக்கொண்டாள், சாப்பிடவில்லை.

சுரப்பி நோய்களுக்கான நிபுணர் ஆறாம் நாள் வந்தார். நாற்பது வயதிருக்கும், தமிழ்ப் பெண். யாழ்ப்பாண வழிக் குடும்பம். தாத்தா ஈஜோக் பக்கம் தோட்டத்தில், காலையில் ஆட்களைப் பேர் கூப்பிட்டுக் கணக்கெழுதும் கிராணியாக இருந்தவராம். ஒவ்வொரு சொல்லையும் முழுதாக உச்சரித்தார். அவர் போன பிறகு மணியம், "கிராணி வூட்டுத் தமிழ்லா. பேர் கூப்புடுற மாதிரியே இருக்கு," என்றார்.

நிபுணர் சொன்னதை என் சொற்களில் தருகிறேன். சிறுநீரகம் ஒவ்வொன்றின் மேலும் தொப்பிபோல் ஒரு சிறு சுரப்பி உட்கார்ந்திருக்கிறது. அட்ரினல் என்று பெயர். அது சுரக்கும் ஒரு நீர், உப்பை வெளியே விடாதே என்று சிறுநீரகத்துக்குச் சொல்கிறது. இன்னொன்று, கார்ட்டிசோல், காய்ச்சல், காயம், பட்டினி, அதிர்ச்சி எது வந்தாலும் உடலைத் தாங்கிப் பிடிக்கிறது. என் உடலின் காவல் அணுக்கள் அந்தச் சுரப்பியை அந்நியன் என்று தவறாக எண்ணி அழித்துவிட்டன. ஏன் என்று தெரியாது. சுரப்பி போனதும் உப்பு சிறுநீரில் ஓடியது. ஓடியதை ஈடுகட்ட உடல் உப்பு கேட்டது. அந்தக் கருவாடுதான் என்னை ஓராண்டு நடமாட வைத்திருக்கிறது.

உறுதிப்படுத்த ஒரு பரிசோதனை செய்தார்கள். மருந்தை ஒரு வேளை நிறுத்தி, ரத்தம் எடுத்து, சுரப்பியை எழுப்பும் ஊசி ஒன்று போட்டு, அரை மணி நேரத்திலும் ஒரு மணி நேரத்திலும் மறுபடி ரத்தம் எடுத்தார்கள். சுரப்பி உயிரோடு இருந்தால் கார்ட்டிசோல் ஏற வேண்டும். மூன்று எண்களும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தன.

வசந்தி நிபுணரிடம் ஒரே கேள்வி கேட்டாள்.

"விரதத்தாலயா டாக்டர்?"

"விரதத்தால் சுரப்பி போகவில்லை அம்மா. அது முன்பே போய்க்கொண்டிருந்தது."

"விரதம் இல்லன்னா விழுந்திருக்க மாட்டாரு."

"அப்போது விழுந்திருக்க மாட்டார். பிறகு ஒரு நாள் விழுந்திருப்பார்," என்றார். பொய் சொல்லாதது எனக்குப் பிடித்திருந்தது. வசந்திக்குப் பிடிக்கவில்லை.

அன்று பார்வையாளர் நேரம் முடியும்போது அவள் என்னிடம், "உங்களுக்குப் பயமே இல்லையா?" என்று கேட்டாள்.

"இல்ல."

"செத்துருப்பீங்க."

"ஆமா."

"ஆமாவா?"

பதினோரு நாளில் நான் ஒரு முறையும் பயப்படவில்லை, அழவில்லை, நன்றி உணர்ச்சிகூட வரவில்லை. விபத்து நடந்த இடத்தில் குறிப்பேட்டோடு நிற்பதுபோல் என் கட்டிலருகே நானே நின்றிருந்தேன். நிபுணரிடம் கேட்டதற்கு, இந்த நோயில் மனமும் மரத்துப்போகும், மருந்து ஏற ஏறச் சரியாகலாம் என்றார். எப்போது என்று சொல்லவில்லை.

மருந்து ஆயுள் முழுவதும். ஒரு மாத்திரை கார்ட்டிசோலுக்கு, நாளுக்கு மூன்று வேளை. இன்னொன்று உப்பைப் பிடித்துவைக்க, காலையில். காய்ச்சல் வந்தால் முதல் மாத்திரையை இரட்டிப்பாக்க வேண்டும். வாந்தி வந்து மாத்திரை தங்காவிட்டால் தொடையில் ஊசி போட்டு உடனே மருத்துவமனைக்கு வர வேண்டும். தாமதித்தால் பத்தொன்பதாம் நாள் நடந்தது சில மணி நேரத்திலேயே நடக்கும். நானே போட்டுக்கொள்ளக் கற்றாலும், அந்த நேரத்தில் என் கையோ புத்தியோ வேலை செய்யும் என்று சொல்ல முடியாது. அதனால் வீட்டில் ஒருவர் பழக வேண்டும்.

தாதி ஓர் ஆரஞ்சுப் பழத்தையும் ஊசியையும் கொண்டுவந்தார். அன்று துர்காவும் வந்திருந்தாள். வசந்தி கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"என்னால முடியாது. மகள் பழகிக்கட்டும்."

"ம்மா, நான் ரவாங்ல இருக்கேன். வாந்தி எடுத்தா நான் வர்ற வரைக்கும் அப்பா வெயிட் பண்ணணுமா?" என்றாள் துர்கா.

"இந்தக் கையாலதான் காசு முடிஞ்சி வெச்சேன். மறுபடியும் இந்தக் கையால ஒன்னும் செய்ய மாட்டேன்."

துர்கா பழகினாள். ஆரஞ்சில் நான்கு முறை குத்தினாள். வசந்தி சன்னல் பக்கம் திரும்பி நின்றாள்.

வீட்டுக்கு வந்த பின் சமையல் மாறியது. வசந்திக்கு உப்பு இன்றும் ஆகாது. எனக்கு அது இல்லாமல் ஆகாது. எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம், என் கதை யாருக்கும் உப்பு தின்ன அனுமதிச் சீட்டு அல்ல. உப்பில்லாமல் சமைத்து, என் பங்கைத் தனியாக எடுத்து உப்புப் போட்டு ஒரு கொதி விடுகிறாள். வெயிலில் அலைந்து வந்தால் சற்றுக் கூடுதல். மீதி இருபத்தொன்பது நாள் வேண்டுதலை என்ன செய்வது என்று கோயில் பூசாரியிடம் கேட்டாள். வேண்டிக்கொண்டவளே முடிக்கலாம் என்றாராம். முடித்தாள். பால்குடமும் எடுத்தாள். அந்த மாதம் அவளுடைய ரத்த அழுத்தம் நன்றாக இருந்ததாகக் கிளினிக்கில் சொன்னார்கள்.

என் நிறம் மெல்லத் தெளிந்தது. ஆறு கிலோ ஏறினேன். மறுபடி செய்தி எழுதினேன். மரத்துப்போன மனம் மட்டும் அப்படியே இருந்தது. சுங்கை புரோங்கில் வயல் வாய்க்காலில் கார் கவிழ்ந்து இரண்டு பேர் இறந்ததை எழுதி அனுப்பிவிட்டுத் தூங்கினேன். முன்பெல்லாம் அப்படித் தூங்கியதில்லை.

வீடு திரும்பிய ஐந்தாம் மாதம், ஒரு சனிக்கிழமை காலை பசியாறிய சற்று நேரத்தில் வாந்தி வந்தது. மாத்திரையைப் போட்டேன். அதுவும் வந்தது. இன்னொன்று போட்டேன். அதுவும். சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். வசந்தி துர்காவை வீடியோவில் அழைத்து, கைப்பேசியை அரிசி டின்னில் சாய்த்து வைத்தாள்.

"ம்மா, ஊசிப் பெட்டிய எடு. தூள் இருக்குற குப்பில தண்ணிய விடு. குலுக்காத, உருட்டு."

"உருட்டுறேன்."

"தெளிஞ்சிருச்சா? இப்ப ஊசில இழு. முழுசா. காத்த வெளிய தள்ளு."

வசந்தி என் கைலியை விலக்கினாள். இடது தொடையின் வெளிப்பக்கத்தை ஈரப் பஞ்சால் துடைத்தாள். ஊசியைத் தூக்கிப் பிடித்தாள். முனையில் ஒரு துளி நின்றது. என் முழங்கால் ஆடத் தொடங்கியது. நான் ஆட்டவில்லை, அதுவாக ஆடியது. வயிற்றுக்குள் எதுவோ இறுகி மேலே ஏறியது. அது வாந்தி இல்லை என்று அடையாளம் கண்டுகொள்ளச் சில நொடிகள் ஆயின.

"வசந்தி, பயமா இருக்கு."

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"இருக்கட்டும். காலை ஆட்டாதீங்க," என்றாள். குத்தினாள்.

பக்கத்து வீட்டு லிம் எங்களைத் தன் காரில் அழைத்துப் போனார். அவசரப் பிரிவில் அன்று ஓர் இளம் சீன மருத்துவர் இருந்தார். யார் ஊசி போட்டது என்று கேட்டார். வசந்தி மலாயில் பதில் சொன்னாள். நூறு மில்லிகிராம், இடது தொடை, பத்து நாற்பத்திரண்டு. அதற்கு முன் மூன்று வாந்தி, இரண்டு மாத்திரை தங்கவில்லை. செய்திக்கு வேண்டிய எல்லாம் அதில் இருந்தது. மருத்துவர் அப்படியே எழுதிக்கொண்டார். நல்ல நேரத்தில் போட்டிருக்கிறீர்கள் என்றார்.

எனக்கு உப்புநீர் ஏறத் தொடங்கியதும் அவள் வெளியே போனாள். இருபது நிமிடம் கழித்து வந்தாள். முகம் கழுவியிருந்தாள். முந்தானை நுனி நனைந்திருந்தது.

"எங்க போன?"

"காரைத் தள்ளி நிறுத்தச் சொன்னாங்க. நிறுத்திட்டு வந்தேன்."

அவளுக்குக் கார் ஓட்டத் தெரியாது. சாவி லிம்மிடம் இருந்தது. லிம் என் கட்டிலுக்குப் பக்கத்தில், நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.